மாமனாருக்கு நான் தந்த அனுமதி

எங்கள் மெத்தைத் தொழிற்சாலையில் அறுபத்து மூன்று பேர் வேலை செய்கிறார்கள். முதலாளி என் மாமனார். மாப்பிள்ளை என்ற ஒரே தகுதியில் அலுவலக மெசேஜ் செயலிக்கு நான் அட்மின். யார் எந்தக் குரூப்பில் இருக்கலாம், யார் எழுதலாம், யார் வாசிக்க மட்டும் செய்யலாம் என்பதெல்லாம் என் கையில். வீட்டில் டிவி ரிமோட்கூட என் கைக்கு வராது என்பதால் இந்தப் பதவியைக் கொஞ்சம் ரசித்தே அனுபவித்தேன்.

போன வருடம் என் மனைவி, பேசினால் எழுத்தாக மாறும் வசதியை அவள் அப்பாவுக்குப் போனில் காட்டிக்கொடுத்தாள். வந்தது வினை. அன்றிலிருந்து காலை எட்டு மணிக்கே பொதுக் குரூப்பில் கச்சேரி தொடங்கிவிடும். ஃபேனை அணைக்காமல் போனவர், பஞ்சு மூட்டையை நடைபாதையில் போட்டவர் என்று ஒருவர் விடாமல் பெயரைச் சொல்லித் திட்டு, அதுவும் அத்தனை பேர் முன்னால். நேரில் மனுஷன் பரம சாது. முகம் பார்த்துத் திட்ட வராது. போனைக் கையில் எடுத்தால்தான் சாமி ஏறும்.

அதிகம் வாங்கிக் கட்டிக்கொண்டது கட்டிங் அம்மா. துணியும் ஃபோமும் வெட்டும் பிரிவுக்கு இருபத்திரண்டு வருடமாகத் தலைவி. மெத்தைத் துணி தைக்கும் குயில்டிங் மெஷின் அடம்பிடித்தால் அவர் வந்து நாலு தட்டு தட்டினால்தான் ஓடும். அவர் ஒருநாள் என் அறைக்கு வந்து, இன்னொரு தடவை எல்லார் முன்னாலும் திட்டு விழுந்தால் அன்றைக்கே கணக்கை முடித்துக்கொண்டு போய்விடுவேன் என்று சொல்லிவிட்டார். சும்மா மிரட்டுகிற ஆள் இல்லை அவர்.

செயலியில் ஒரு வசதி உண்டு. ஒருவர் எழுதுவது அட்மின் ஒப்புதல் கொடுத்த பிறகே வெளியாகும்படி வைக்கலாம். புதிதாகச் சேர்ந்தவர்கள் எதையாவது உளறிவைக்கக்கூடாது என்பதற்காக இருக்கிற பட்டியல் அது. பேக்கிங்கில் புதிதாகச் சேர்ந்த இரண்டு பேருக்கு நடுவில் என் மாமனாரை உட்கார வைத்தேன். அவர் போனில் மெசேஜ் போனது போலவே தெரியும். ஓரத்தில் மட்டும் கடுகளவு ஒரு கடிகாரம் நிற்கும். கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டு வீடெல்லாம் தேடுகிறவருக்கு அது எங்கே தெரியப்போகிறது என்று தைரியமாக இருந்தேன்.

நாளை தண்ணீர் வராது, துணி லாரி வந்துவிட்டது என்பவற்றை மட்டும் வெளியே விட்டேன். மற்றதெல்லாம் தள்ளுபடி. இரண்டே வாரத்தில் முதலாளிக்கு மனசு கனிந்துவிட்டது என்று பேச்சு பரவியது. கட்டிங் அம்மா அவருக்கு வணக்கம்கூட வைத்தார். நான் பெருமை தாங்காமல் திரிந்தேன்.

ஒரு மாதம் போனதும் தள்ளுபடிக்கு வரும் மெசேஜ்களின் போக்கு மாறியது. பெயர் இருக்காது. சில பேர் பத்தரைக்கு வந்துவிட்டு பத்து மணி என்று எழுதுகிறார்கள். சில பேர் ஏசி அறையில் உட்கார்ந்து போனில் செஸ் ஆடுகிறார்கள். யாராக இருக்கும் என்று யோசித்து, ஸ்டோர் கீப்பர் மேல் சந்தேகப்பட்டேன். செஸ்ஸைப் பாதியில் நிறுத்திவிட்டுத்தான் அந்த மெசேஜைத் தள்ளினேன்.

என்னைத்தான் சொல்கிறார் என்று எனக்குத் தோன்றவே இல்லை. எட்டு வருடத்தில் மாமனார் என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. மாப்பிள்ளையைச் சொல்லலாமா? அவருடைய புதுக் காரை நான் கேட்டில் உரசிக்கொண்டு வந்தபோதுகூட, கேட் கொஞ்சம் குறுகல்தான் மாப்பிள்ளை என்றார்.

அப்புறம்தான் மாணவர் விடுதி ஆர்டர் வந்தது. இருநூறு மெத்தை. எழுபத்தைந்து அங்குல நீளம் கேட்டிருந்தார்கள். வெட்டியது எழுபத்திரண்டு. நூற்றெண்பது ஃபோம் வெட்டிய பிறகு ஆர்டர் தாளோடு ஒப்பிட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது. கட்டிங் அம்மாவுக்குக் கண் மங்கிவிட்டது என்று ஷெட் முழுக்க முணுமுணுப்பு. அளவை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தவன் நான். என்ன எழுதினேன் என்று எனக்கே ஒரு சந்தேகம் இருந்தது. சீட்டைக் காணோம், அவரும் எதுவும் சொல்லவில்லை, எனவே சந்தேகத்தை என்னோடு வைத்துக்கொண்டேன். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் காலை மாமனார் கட்டிங் பிரிவுக்கே போய், போனது போகட்டும், நான் எதுவும் நினைக்கவில்லை என்று அவரிடம் சொல்லியிருக்கிறார். பாவம், நல்ல எண்ணத்தில்தான். அரைமணி நேரத்தில் கட்டிங் அம்மா ராஜினாமா கடிதத்தோடு என் மேஜைக்கு முன்னால் நின்றார்.

திட்டுகூட விழவில்லையே, பிறகு ஏன் என்று கேட்டேன்.

"தப்பே பண்ணாதவளுக்கு மன்னிப்பு எதுக்கு சார்?" என்றார்.

என் முகத்தை ஒரு நொடி நேராகப் பார்த்தார். அப்புறம் கடிதத்தை வைத்துவிட்டு, தன் அலமாரியைக் காலி செய்யப் போனார். நான் வாயைத் திறக்கவில்லை.

அப்போது ஒப்புதல் பட்டியலில் ஒரு மெசேஜ் வந்து நின்றது. மாமனாருடையது.

"மாப்பிள்ளை, 72ன்னு எழுதினது உங்க கைதான். சீட்டு இப்பதான் ஃபோம் அடியில கிடைச்சுது, என் சட்டைப் பையில இருக்கு. அந்தம்மா வாயத் திறக்கல, நீங்களும் திறக்கல. அவங்க திறக்காதது மரியாதை. நீங்க திறக்காததுக்கு என்ன பேரு? நான் எழுதுறத நீங்க மட்டும்தான் படிக்கிறீங்கன்னு எனக்கு ஒரு மாசமாத் தெரியும். அதனாலதான் இங்க வந்து சொல்றேன். நேர்ல என்னால சொல்ல முடியாது."

மூன்று தடவை படித்தேன். கீழே வழக்கமான இரண்டு பொத்தான்கள். தள்ளுபடி செய்தால் விஷயம் எனக்கும் மாமனாருக்கும் நடுவிலேயே முடிந்துவிடும். அவர் விரும்பியதும் அதுதான். என் அறையின் கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் கட்டிங் அம்மா தன் கத்தரிக்கோல்களை ஒவ்வொன்றாகத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தார்.

ஒப்புதலை அழுத்தினேன்.

ஷெட்டில் அங்கங்கே போன்கள் மணியடித்தன. தலைகள் குனிந்தன, பிறகு எல்லாத் தலைகளும் ஒருசேர என் கண்ணாடி அறைப் பக்கம் திரும்பின. பேக்கிங் ஆள் ஒருவர் சிரிப்பை அடக்க முடியாமல் பஞ்சு மூட்டைக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டார். கட்டிங் அம்மா கண்ணுக்கருகே போனை வைத்து நிதானமாகப் படித்தார். படித்து முடித்து என் அறைக்கு வந்து, மேஜையிலிருந்த கடிதத்தை எடுத்து நாலாக மடித்தார்.

"இனிமே அளவ குரூப்ல போடுங்க சார். சீட்டெல்லாம் வேணாம்."

சரிங்கம்மா என்றேன். அவர் போய்க் கத்தரிக்கோல்களைப் பிரிக்க ஆரம்பித்தார்.

உடனே மாமனார் போனில் வந்தார். பதற்றத்தில் அவருக்கு மூச்சு வாங்கியது.

"மாப்பிள்ளை, அது எப்படி வெளிய போச்சு?"

"நான்தான் விட்டேன் மாமா."

மறுமுனையில் மூச்சு வாங்குவது மெல்ல அடங்கியது.

"நல்லவேளை, பாதிதான் சொல்லியிருந்தேன்" என்றார்.

நான் போனை மேஜையில் வைப்பதற்குள் மீதிப் பாதி வந்து ஒப்புதலுக்கு நின்றது.