பதினோரு மாதம் நின்ற கார்

டயர் கடையில் அவருக்கு ‘நூலளவு’ என்று பட்டப்பெயர். சக்கரத்தில் நூலளவு கோணல் இருந்தாலும் விடமாட்டார். ஐம்பத்து நாலு வயது. கல்யாணம் காட்சி எதுவும் கிடையாது. கடையை விட்டால் வீடு, வீட்டை விட்டால் கடை. பேச்சுத்துணைக்கு ரேடியோ.

அன்று மத்தியானம் வந்து நின்ற வெள்ளைக் காரைப் பார்த்ததுமே அவருக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. அண்ணனுடைய கார். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் பேச்சு முற்றி, “இனிமே என் வாசப்படி மிதிக்காத” என்று சொன்ன அண்ணன். ஆனால் இறங்கியது அண்ணி மட்டும்தான்.

“அறுபதைத் தாண்டினா ஸ்டியரிங் கிடுகிடுன்னு ஆடுது தம்பி. ரெண்டு கடையில பேலன்சிங் பண்ணியாச்சு. ரிம் கோணியிருக்கும், மாத்துங்கன்னு சொல்றாங்க.”

“பாக்கறேன் அண்ணி. உக்காருங்க.”

ஜாக்கி வைத்துத் தூக்கி, ரிம் விளிம்பில் கோணலை அளக்கும் டயல் கேஜின் முனையை ஒட்டவைத்து, சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றினார். முள் அசையவே இல்லை. ரிம்மில் குறையில்லை. முனையை டயர் மேல் வைத்துச் சுற்றினார். ஓரிடத்தில் முள் இரண்டு மில்லிமீட்டர் இறங்கி, மறுபடி ஏறியது. அடுத்த சக்கரத்திலும் அப்படியே. நாலிலும் அப்படியே.

பள்ளத்தில் விழுந்திருந்தால் ஒன்றோ இரண்டோதான் கெடும். நாலும் ஒரே மாதிரி தட்டையாகியிருந்தால் காரணம் வேறு. அந்தத் தட்டையை உள்ளங்கையால் தடவிக்கொண்டே கேட்டார்.

“ரிம்முக்கு ஒண்ணுமில்ல அண்ணி. வண்டி ரொம்ப நாளா ஒரே இடத்துல நின்னிருக்கு. அண்ணன் ஒருநாள்கூட வண்டிய சும்மா நிறுத்த மாட்டாரே?”

அண்ணி கைப்பையின் வாரைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தார். “பக்கவாதம் தம்பி. பதினோரு மாசமாச்சு. போன வாரம்தான் நான் வண்டிய வெளிய எடுத்தேன். உனக்குச் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு. நான் சொல்லல. நீயாத்தான் கண்டுபிடிச்ச.”

அவர் நாலு டயரையும் மாற்றினார். கடைசி போல்ட்டை முறுக்கிவிட்டு நிமிர்ந்தார்.

“வாரம் ஒருதடவையாவது நல்லா ஓட்டணும். இல்லன்னா இதுவும் இப்படித்தான் ஆகும்.”

“எனக்கு அவர ஆட்டோவுல ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போய்ட்டு வர்றதே பெரும்பாடு. நீயே வந்து ஓட்டேன்.”

ஞாயிற்றுக்கிழமை போனார். அண்ணன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். தோள்பட்டை எலும்பு பனியனுக்குள் துருத்திக்கொண்டிருந்தது. “அண்ணே” என்று கூப்பிட்டுப் பார்த்தார். அசைவில்லை.

“தூங்குறாரு,” என்றார் அண்ணி. இல்லை என்று இரண்டு பேருக்குமே தெரியும்.

சாவியை வாங்கிக்கொண்டு ஆற்றுப்பாலம் வரை தனியாக ஓட்டிப் போனார். அறுபது, எழுபது, எண்பது. ஸ்டியரிங் ஆடவில்லை. சந்தோஷம்தான், யாரிடம் சொல்வது?

அடுத்த ஞாயிறும் போனார். அன்றும் முதுகுதான். கட்டிலருகே அரைமணி நேரம் உட்கார்ந்து, வண்டி எப்படி ஓடுகிறது என்று அந்த முதுகிடமே சொல்லிவிட்டு வந்தார்.