முதல் விலைக்கே படிந்த தெரு

விலை சொல்லும்போது முகத்தில் ஒன்றும் தெரியக்கூடாது என்ற வித்தை டேப்பம்மாவுக்குப் பள்ளிக்கூடம் போவதற்கு முன்பே வந்துவிட்டது. அம்மா வழியில் துணி வியாபாரம், அப்பா வழியில் இரும்பு வியாபாரம். அந்த வீட்டில் ஜன்னலோரப் படுக்கை வேண்டுமென்றால் முதலில் முழு அறையையும் கேட்க வேண்டும். அழுது அடம்பிடித்து அறையை விட்டுக்கொடுத்த பிறகுதான் ஜன்னல் கைக்கு வரும். இப்படி வளர்ந்தவள் நகராட்சியில் சாலைப் பொறியாளராகச் சேர்ந்தாள். போகுமிடமெல்லாம் கையில் அளக்கிற டேப்புடன் போனதால் கடைத்தெரு வைத்த பெயர் டேப்பம்மா. அவளும் அதை ஏற்றுக்கொண்டாள். அதைவிட மோசமான பெயர்களை அவளுக்கு முன் இருந்தவர்களுக்கு அந்தத் தெரு வைத்திருக்கிறது.

தெருவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இரண்டு பக்கமும் கார்கள் பல்வரிசை மாதிரி இடைவெளியில்லாமல் நிற்கும். நடைபாதை என்று ஒன்று உண்டு. அதில் விளக்குக் கம்பம் இருக்கும், மின்பெட்டி இருக்கும், துணிக்கடைப் பொம்மைகள் புதுச் சட்டை போட்டுக்கொண்டு காற்று வாங்கும். மனிதர்கள் மட்டும் கீழே இறங்கித் தெருவில் நடப்பார்கள். சைக்கிளில் போகிறவர்கள் எந்தக் காரின் கதவு எப்போது திறக்கும் என்று ஜோசியம் பார்த்துக்கொண்டே மிதிக்க வேண்டும்.

மழைக்கு முன்னால் அந்தத் தெருவுக்குப் புதுத் தார் போடுவதாக முடிவாகியிருந்தது. தார் காய்ந்ததும் கோடு போடுவார்கள். பழைய கோட்டையே திரும்பவும் போட்டுவிட்டால், அடுத்த தார் வரும் வரை, அதாவது டேப்பம்மாவின் தலை நரைக்கும் வரை, ஒருவரும் அந்தத் தெருவைத் தொடமாட்டார்கள். புதுக் கோடு வேண்டுமென்றால் வியாபாரிகள் சங்கம் சம்மதிக்க வேண்டும். இந்த வேலைக்கு வந்ததே இந்தத் தெருவுக்காகத்தான் என்பதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. ஆசையை வெளியே காட்டினால் விலை ஏறிவிடும்.

அவளுடைய மேலதிகாரி தலைமைப் பொறியாளர், பொய் சொல்ல வராத மனிதர். சில வருடங்களுக்கு முன் இதே சங்கத்திடம் போய்த் தனக்கு எது தேவையோ அதை மட்டும் கேட்டார்: ஒரு ஜீப்ரா கோடு, பக்கத்தில் ஒரு வேகத்தடை. அவர்கள் பேசிப் பேசிக் குறைத்து, கடைசியில் 'மெதுவாகச் செல்லவும்' என்ற ஒரு பலகையைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள். அந்தப் பலகையும் பாத்திரக்கடை விளம்பரத்துக்குப் பின்னால்தான் போய் மாட்டிக்கொண்டது.

அதனால் டேப்பம்மா இரண்டு வரைபடம் போட்டாள். ஒன்று நிஜம். தெருவின் ஒரு பக்கம் மட்டும் கார்களை எடுத்துவிட்டு, நடைபாதையை அகலப்படுத்தி, சைக்கிளுக்கு ஒரு தடம். அங்குலம் அங்குலமாக அளந்து போட்டது. அதைச் சுருட்டி ஒரு அட்டைக் குழாயில் போட்டு மூடினாள். இன்னொன்று மிரட்டல். இந்தக் கடை முகப்பிலிருந்து எதிர்க்கடை முகப்பு வரை ஒரு கார்கூட இல்லாத தெரு, நடுவில் மரங்கள், பெஞ்சுகள். ஸ்கெட்ச் பேனாவால் ஒரே மாலையில் தீட்டியது.

தலைமைப் பொறியாளர் இரண்டாவதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏம்மா, இது நடக்குமா?"

"நடக்காது சார். நடக்கக் கூடாதுன்னுதான் வரைஞ்சிருக்கேன்."

"அப்புறம் எதுக்கு?"

"கீழ இறங்கி வரணும்னா முதல்ல ஒரு மாடியில நிக்கணும்ல சார்."

சங்கத்தின் கூட்டம் ஒரு மருந்துக்கடைக்கு மேலே நடந்தது. தலைவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் துணிக்கடை முதலாளி. டேப்பம்மாவின் அம்மாவுக்குத் தம்பி. வீட்டில் அம்மாடி என்று கூப்பிடுகிறவர் கூட்டத்தில் மேடம் என்று மட்டுமே கூப்பிட்டார். அவருக்கு நேரெதிர் வரிசையில் பாத்திரக்கடைக்காரர். இருவர் கடைகளும் தெருவின் இரு பக்கம் முகத்துக்கு முகம் பார்த்து நிற்பவை. துணிக்கடைக்காரர் வெயில் என்று சொன்னால் பாத்திரக்கடைக்காரர் போர்வையை எடுப்பார்.

டேப்பம்மா வண்ணப் படத்தை விரித்துப் பிடித்தாள். எல்லார் கண்ணும் தலைவர் மேல் போயிற்று.

மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மேடம், இது எங்களுக்குக் கட்டுப்படியாகாது. காரே வராத தெருவுல கடையை வச்சுக்கிட்டு நாங்க ஈ ஓட்டவா? நகராட்சி கேக்கறதுக்கும் ஒரு அளவு வேணும்."

டேப்பம்மாவுக்கு உள்ளே குளிர்ந்தது. பேரம் ஆரம்பமாகிவிட்டது. இன்னும் இரண்டு பேர் கத்தட்டும், அப்புறம் மனமில்லாத மாதிரி குழாயைத் திறக்கலாம் என்று கையை அதன் மூடிமேல் வைத்தாள்.

"எதுக்கு ஈ ஓட்டணும்?" என்றார் பாத்திரக்கடைக்காரர். "எனக்கு இது ஒத்து வருது."

தலைவர் திரும்பிப் பார்த்தார். "எது ஒத்து வருது?"

"முழுசும். தலைவருக்கு என்ன கவலைன்னு எனக்குத் தெரியாதா? தினமும் காரைக் கொண்டாந்து என் கடை வாசல்ல நிறுத்தறாரு. நாளைக்கு எங்க நிறுத்துவாரு பாவம்."

அறை சிரித்தது. சிரித்த வேகத்தில் மருந்துக்கடைக்காரர் கையைத் தூக்கினார், பின்னால் செருப்புக்கடை, அதற்குப் பின்னால் மற்றவர்கள். மாமா ஒரு பெருமூச்சு விட்டார். "எல்லாருமா சேர்ந்து முடிவு பண்ணிட்டா நான் ஒருத்தன் என்ன பண்றது? எழுதிக்குங்க மேடம்."

டேப்பம்மாவின் கை குழாய் மூடியின் மேலேயே நின்றுவிட்டது. சொன்ன முதல் விலைக்கே சரக்குப் படிந்து அவள் வாழ்நாளில் பார்த்ததில்லை.

படியிறங்கும்போது தலைமைப் பொறியாளர் மெல்லக் கேட்டார். "என்னம்மா, நாம இன்னும் மாடியிலயே நிக்கிறோமே?"

"யோசிக்கிறேன் சார்."

"தண்ணிக் குழாய் மேல மரம் வரைஞ்சிருக்க."

"பச்சைப் பேனாவுல நிறைய மை இருந்துச்சு சார்."

மறுநாள் அலுவலகத்தில் அந்தப் படத்தை மேஜைமேல் விரித்துவைத்துக்கொண்டு, தன் கையால் வரைந்த மரங்களைத் தானே முறைத்துக்கொண்டிருந்தாள். பொய்க்கு வரைந்ததற்கெல்லாம் இப்போது கீழே என்ன ஓடுகிறது, மேலே என்ன தொங்குகிறது என்று பார்க்க வேண்டும். சரக்கு வண்டி எந்த வழியாக வரும் என்பதற்கு அதில் ஒரு கோடுகூட இல்லை. அந்த நேரத்தில்தான் பாத்திரக்கடைக்காரர் உள்ளே வந்து உட்கார்ந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"டேப்பம்மா, என் கடைக்கு அண்டா எப்படி வரும்? பறந்தா வரும்?"

"நேத்து நீங்கதானே முதல் ஆளா சரின்னு சொன்னீங்க?"

"சொன்னேன். அந்த மனுஷன் வேணாம்னாரே, அதனால சொன்னேன். ராத்திரி படுத்தப்புறம்தான் லாரி ஞாபகம் வந்துச்சு." நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "இப்ப நானே போய் வேணாம்னு சொன்னா தினமும் அந்த முகத்துல எப்படி முழிக்கறது? நீங்களே சொல்லிடுங்க, திட்டம் சரிப்படலைன்னு. தெருவுல ஒரு பக்கம் மட்டும் எடுத்துக்குங்க. அடுத்த கூட்டத்துல நான் ரொம்ப வருத்தப்பட்ட மாதிரி உக்காந்துக்கறேன்."

ஒரு பக்கம் மட்டும். குழாய்க்குள் இருக்கிற படம் அதுதான். அவள் மனதில் நினைத்த அதே விலை, தானாக வந்து எதிரில் உட்கார்ந்திருக்கிறது. அடுத்த மேஜையிலிருந்து தலைமைப் பொறியாளர் வாங்கிக்கொள், வாங்கிக்கொள் என்று கண்ணாலேயே கும்பிடுகிறார்.

டேப்பம்மாவுக்கு வாங்க மனசு வரவில்லை. இன்னதென்று சொல்லத் தெரியாத ஒரு கூச்சம். எழுதி வாங்கியதில் பாதியைத் திருப்பித் தருகிற மாதிரி. "பார்த்துட்டுச் சொல்றேன்" என்றாள். அவள் குடும்பத்தில் அதற்கு அர்த்தம், இன்னும் என் சட்டைப் பைக்குள் கையை விடவில்லை என்பது.

மறுநாள் விடிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனாள். கடைகளின் ஷட்டர்கள் பாதி ஏறியும் ஏறாமலும் இருந்தன. சரக்கு வண்டிகள் வந்து நின்று, மூட்டையும் பெட்டியும் இறங்கி, அவசரமாகக் கிளம்பிப் போயின. கடை முழுக்கத் திறந்து தண்ணீர் தெளித்தபோது ஒரு சரக்கு வண்டிகூட இல்லை. அதற்கப்புறம்தான் கார்கள் வந்தன. முதலில் மாமாவின் கார், பாத்திரக்கடை வாசலில். பிறகு பாத்திரக்கடைக்காரரின் கார், மருந்துக்கடை வாசலில். மருந்துக்கடையின் கார் செருப்புக்கடை வாசலில். தன் வாசலை மறைக்காமல் அடுத்தவன் வாசலை மறைப்பது என்பதில் மட்டும் சங்கத்துக்குள் பரிபூரண ஒற்றுமை. வாடிக்கையாளர் வருவதற்குள் தெரு நிறைந்துவிட்டது. வந்தவர்கள் தெருமுனையிலேயே இறங்கி நடந்துதான் வந்தார்கள்.

டேப்பம்மா டேப்பை எடுக்கக்கூட இல்லை. சைக்கிளைத் துணிக்கடைச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே போனாள். மாமா ஒரு துணிக்கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"மாமா, அன்னைக்கு எல்லார் முன்னாடியும் உங்கள தோக்க வச்சுட்டேன். மனசுல வச்சுக்காதீங்க."

"அது கிடக்கட்டும். அந்தக் குழாய்க்குள்ள என்ன வச்சிருந்த?"

"எந்தக் குழாய்?"

"அம்மாடி, நான் யாரு?" மாமா நூலைப் பல்லால் கடித்தார். "துணி எடுக்க வர்ற ஆளு எந்தப் பீஸைப் பார்க்காத மாதிரி இருக்கானோ, அவனுக்கு வேண்டியது அதுதான். கூட்டம் முடியற வரைக்கும் கை அந்தக் குழாய் மேலயே இருந்துச்சு, நீ அதைத் திரும்பிப் பார்க்கவே இல்ல."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எல்லாம் தெரிஞ்சுதான் வேணாம்னீங்களா?"

"வேற எப்படிச் சொல்றது? நான் சரின்னா, அக்கா மகளுக்கு மாமன் தெருவையே தூக்கிக் குடுத்துட்டான்னு ஊரெல்லாம் பேசுவாங்க. அதை முதல்ல ஆரம்பிக்கிற ஆளு எதிர்க்கடைக்காரரு. அவர் வாயால சரின்னு வரணும்னா நான் வேணாம்னுதான் சொல்லியாகணும்." துணியை மடியில் போட்டு நீவினார். "நாள் முழுக்க என் ஷோகேஸ் முன்னாடி கார் நிக்குது. உள்ள என்ன இருக்குன்னு நடந்து போறவங்களுக்குத் தெரியறதே இல்ல. ஆனா நானும் காரை நிறுத்தறவன்தானே, எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு எடுங்கன்னு சொல்லுவேன்? நகராட்சி எடுத்தா நல்லதாப் போச்சு. திட்டு உனக்கு, தெரு எங்களுக்கு."

"அவர் இப்ப நழுவப் பார்க்கறார் மாமா. பாதிக்கு வந்து நிக்கிறார்."

"அவர் நழுவட்டும். நீ எதுக்கு நழுவற? முழு விலைக்கு வித்த சரக்கை நம்ம வீட்ல என்னைக்காவது பாதிக்குத் திருப்பி எடுத்திருக்கோமா?"

டேப்பம்மா தெருவைக் கடந்தாள். கார்களுக்கு நடுவே உடம்பை ஒடுக்கித்தான் கடக்க வேண்டியிருந்தது. பாத்திரக்கடைக்காரர் வாசலிலேயே காத்திருந்தார். எதிர்க்கடையில் அவள் எவ்வளவு நேரம் நின்றாள் என்பதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

"என்னவாம் தலைவருக்கு?"

"மனசே சரியில்ல. இன்னும் ஒருவாட்டி யோசிங்கன்னு சொல்லச் சொன்னார்."

அதைக் கேட்டதும் அவர் நிமிர்ந்து நின்றார். டேப்பம்மா நிதானமாகப் பேசினாள். கடை திறக்கும் வரை சரக்கு வண்டிகள் வரலாம், போகலாம். திறந்ததும் வண்டிகள் நுழையாதபடி தெருமுனையில் கம்பங்களை மாட்டிவிடுவார்கள். ஆம்புலன்ஸுக்கும் தீயணைப்பு வண்டிக்கும் அந்தக் கம்பங்களை உடனே கழற்றிவிடலாம். அண்டா வாங்கினவர்களுக்குத் தெருமுனை வரை கொண்டுபோகச் சங்கமே ஒரு தள்ளுவண்டி வைத்துக்கொள்ளட்டும்.

"மத்தியானம் ஒரே ஒரு லாரி?"

"உங்களுக்கு ஒண்ணுன்னா எதிர்க்கடைக்கும் ஒண்ணு."

அவர் தாடையைத் தடவினார். எதிர்க்கடைக்கு ஒன்று என்பது அவருக்கு இறங்கவில்லை. "சரி, லாரி வேணாம். ஆனா நான் இவ்வளவு விட்டுக்குடுக்கறேன், எனக்குன்னு ஒண்ணு வேணும். படத்துல அந்தப் பெஞ்சு துணிக்கடை முன்னாடி இருக்கு. அது என் கடைப் பக்கம் வரணும்."

மத்தியானம் முழுக்கத் துணிக்கடைப் பக்கம் வெயில் காயும். பெஞ்சு நிற்க வேண்டிய இடம் இந்தப் பக்கத்து நிழல்தான் என்று டேப்பம்மா முந்தின நாள் படத்தை முறைத்துக்கொண்டிருந்தபோதே கணக்குப் போட்டு வைத்திருந்தாள். கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்தாள். உதட்டைக் கடித்தாள். தலைவர் என்ன சொல்வாரோ என்று முணுமுணுத்தாள். கடைசியில், தன் சொத்தை எழுதிக் கொடுக்கிறவள் மாதிரி, "சரி, எடுத்துக்குங்க" என்றாள்.

"தோத்துட்டோம்னு நினைக்காதீங்க டேப்பம்மா" என்று அவர் ஆறுதல் சொன்னார்.

தார் போட்டார்கள், கோடு போட்டார்கள். மரங்கள் தண்ணீர்க் குழாயை விட்டுத் தள்ளிப் பெரிய தொட்டிகளில் வந்து நின்றன. நடுவில் சைக்கிளுக்கு வேறு நிறத்தில் ஒரு தடம். முதல் வாரம் முதலாளிகள் காரை எங்கெங்கோ விட்டுவிட்டு, வியர்த்து விறுவிறுத்து நடந்து வந்து, நகராட்சியை வாயில் வந்தபடி திட்டினார்கள். இரண்டாவது வாரம் திட்டுவதற்காக வாசலில் நின்றவர்கள், வாசலில் நிற்பது நன்றாக இருக்கிறது என்று கண்டுபிடித்தார்கள். பாத்திரக்கடைக்காரர் தன் பெஞ்சில் உட்காருகிறவர்களிடமெல்லாம், சங்கத்தில் ஒருத்தருக்கும் துணிச்சல் இல்லை, ஒற்றை ஆளாக நின்று இதைச் சாதித்தது தான்தான் என்று சொல்லிக்கொண்டிருந்தார். டேப்பம்மாவையும் ஒருநாள் நிறுத்தி வைத்துச் சொன்னார். அவள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். எதிர்க்கடை வாசலில் மாமா வாட்டமான முகத்துடன் ஷோகேஸைத் துடைத்துக்கொண்டிருந்தார். வாட்டம் நன்றாகத்தான் வந்திருந்தது.

அன்று மாலை வீடு திரும்பும்போது சைக்கிளை அந்தத் தடத்தில் விட்டாள். முன்னால் இரண்டு பெண்கள் பைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு, தடத்தை அடைத்துக்கொண்டு, யாரோ ஒரு மாமியாரைப் பற்றிப் பேசியபடி ஆற அமர நடந்துபோனார்கள். மணி அடித்தாள். ஒருத்தி திரும்பி, "போறோம்ல, என்ன அவசரம்?" என்றுவிட்டுத் திரும்பவும் மாமியாருக்குப் போனாள்.

டேப்பம்மா இறங்கிச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அவர்கள் பின்னாலேயே நடந்தாள். மாமியார் கதை நன்றாகத்தான் இருந்தது.