அவர்கள் விதை, நம் பரணில்

சுப்பையனுக்கு வாய் கொஞ்சம் நீளம். மலையூர்கள் சேர்ந்த பெரக்கரை நாட்டுக் கூட்டத்தில் மற்றவர்கள் தொண்டையைச் செருமி முடிப்பதற்குள் அவன் பேசி முடித்துத் துண்டை உதறிப் போட்டு உட்கார்ந்துவிடுவான். அன்றைக்கும் அப்படித்தான்.

"ஏனுங்க, நானொண்ணு கேக்கறேன். தேம்பாறைக்காரங்களால நமக்கு இப்ப என்னுங்க ஆகுது? ரோடு நம்ம பக்கம் வந்திருச்சு. லாரி சோளக்காட்டுல வந்து நிக்குது. குச்சிக்கிழங்கப் புடுங்கிப் போட்டா அன்னைக்கே காசு. அவுங்க வெதைக்குன்னு நல்ல காட்டுல ஒரு துண்டு ஒதுக்கோணும்னு இருக்குதே, அது இன்னும் எதுக்குங்க?"

நாட்டுக்குப் பெரியவரான பட்டக்காரர் சென்றாயன் வெற்றிலை மெல்வதை நிறுத்தினார். "உன்ற தங்கச்சிய அங்கதானப்பா குடுத்திருக்குது?"

"கூட்டு வேறீங்க, கூடப்பொறப்பு வேறீங்க."

கூட்டம் சிரித்தது. சிரித்துவிட்டால் பாதி ஒப்புக்கொண்ட மாதிரிதான்.

பெரக்கரைக்கும் தேன்பாறை நாட்டுக்கும் இருந்த கூட்டு இன்று நேற்று வந்ததல்ல. எந்தப் பாட்டன் காலத்திலோ பஞ்சம் வந்து, இரண்டு நாட்டாரும் விதையைக்கூட வேகவைத்துத் தின்றுவிட்டு, மழை பெய்தபோது வெறுங்கையோடு நின்றார்களாம். அதற்குப் பிறகு செய்துகொண்ட ஏற்பாடு இது. பெரக்கரையின் சாமை விதை ஒரு கூடை தேன்பாறையில் இருக்கும். தேன்பாறையின் தினை விதை ஒரு கூடை பெரக்கரையில் இருக்கும். பசி வந்தால் கை தன் பரணுக்குத்தான் போகும், நம்பிக் கொடுத்தவன் பொருளுக்குப் போகாது என்று அந்தக் காலத்து ஆட்கள் மனிதனை எடை போட்டிருக்கிறார்கள். வாங்கி வைத்திருப்பவர் வருடந்தோறும் அதை ஒரு துண்டில் விதைத்து, புது மணியாக்கி, மூங்கில் கூடையில் கொட்டிச் சாணியால் மெழுகி, அடுப்புக்கு மேலே பரணில் புகை படும்படி வைக்க வேண்டும். பெரக்கரையில் அந்தக் கூடை சுப்பையன் வீட்டில் இருந்தது. தேன்பாறையில் மாதேஸ்வரன் வீட்டில். கூடை இருக்கும் வீட்டுப் பெண்ணைக் கூடை இருக்கும் வீட்டுக்கே கொடுப்பது வழக்கம் என்பதால், சுப்பையனின் தங்கை இருசாயி மாதேஸ்வரனுக்கு வாழ்க்கைப்பட்டாள்.

அந்த வருடம் தேன்பாறைப் பக்கம் மழை பொய்த்துவிட்டது. ஆடியில் இருசாயி ஒருநாள் அண்ணன் வீட்டு வாசல் வரை வந்து, உள்ளே வராமலே திரும்பியதாகச் சுப்பையனின் மனைவி பொன்னாயி சொன்னாள். என்ன அவசரமோ என்று அவன் விட்டுவிட்டான். ஐப்பசியில் இருசாயியின் மகள் பாப்பாயி செத்துப்போனாள். அப்போதுதான் ஓடப் பழகியிருந்த பிள்ளை. மாமன் முறைக்குக் கோடித் துணி போட்டு, வாய்விட்டு அழுதுவிட்டு வந்தான் சுப்பையன். "காச்சலுங்கண்ணா," என்றாள் தங்கை. அவன் அதற்கு மேல் கேட்கவில்லை. மலையில் காய்ச்சல் நுழையாத வீடு எது?

தை பிறந்ததும் கூட்டை முறித்துக்கொள்வது என்று முடிவானது. முறிப்பதற்கும் முறை உண்டு. எல்லைப் பாறையில் இரண்டு கூடையையும் திறந்து காட்டி, அவரவர் விதையை அவரவர் எடுத்துக்கொண்டு போக வேண்டும். அதன் பிறகு பெண் கொடுப்பதில்லை, எடுப்பதில்லை. கட்டிக்கொடுத்த பெண்ணும் பிறந்த வீட்டை மிதிக்கக் கூடாது. இந்தக் கடைசிப் பேச்சைச் சுப்பையன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நாலு நாள் போனால் எல்லாம் மறந்துபோகும், என் தங்கையை எவன் தடுப்பான் என்று இருந்தான்.

மரவள்ளிக் கிழங்குக் காசில் வீட்டுக்கு ஓடு போட்டபோது பரணைப் பிரித்தாயிற்று. கூடை அன்றிலிருந்து மாட்டுச் சாளையின் மூலையில் கிடந்தது. இரண்டு வருடமாக அவன் அந்த விதையை விதைக்கவும் இல்லை. மேலே மெழுகு இருந்தது, உள்ளே எங்கே போய்விடப் போகிறது என்று அப்படியே தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு போனான்.

எல்லைப் பாறைக்கு இருசாயி தலைச்சுமையாகக் கூடையைக் கொண்டுவந்தாள். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. மாதேஸ்வரன் மெழுகை உடைத்தான். சாமை பளபளவென்று கொட்டியது. சென்றாயன் ஒரு பிடி அள்ளிப் பார்த்தார்.

"இந்த வருசத்து மணியாட்ட இருக்குது. மழையே இல்லாம எப்படியப்பா?"

"ஊத்துத் தண்ணிய மொண்டு மொண்டு ஊத்துனோமுங்க. எங்க காடெல்லாம் போச்சுங்க. உங்க துண்ட மட்டும் காப்பாத்திப்போட்டோம்."

சுப்பையன் தன் கூடையை உடைத்தான். பூஞ்சைக் காளான் நாற்றம் முதலில் வந்தது. பிறகு கறுப்புக் கட்டியாக ஒன்று பாறையில் விழுந்தது. அதில் ஒரு தினைகூட உருப்படியாக இல்லை. தேன்பாறைக்காரர்கள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. சொந்த விதையைப் பசிக்குத் தின்று தீர்த்துவிட்டு, இந்த ஒரு கூடையை நம்பி உழுதுபோட்டுவிட்டு வந்தவர்கள் அவர்கள்.

சுப்பையன் சாமைக் கூடையை இரண்டு கையாலும் தங்கையின் பக்கம் தள்ளினான். "இத எடுத்துட்டுப் போ சாமி. வெதைச்சுக்குங்க, இல்ல பொங்கித் தின்னுங்க. கூட்டும் வேண்டாம், முறிக்கறதும் வேண்டாம். எடுத்துக்க கண்ணு."

இருசாயி கூடையைப் பார்த்தாள். அவள் குரலில் கோபமே இல்லை.

"ஆடியில உங்க ஊட்டுக்கு வந்தேனுங்கண்ணா. ரண்டு வள்ளம் தானியம் எதாச்சும் கேக்கலாம்னுதான். நீங்க லாரிக்காரருகிட்டப் பேசிட்டிருந்தீங்க. தேம்பாறைக்காரன் கை நீட்டறதுக்குன்னே பொறந்தவன்னு சொன்னீங்க. அப்புறம் எப்படிங்க கேக்கறது? திரும்பிட்டேன்."

"காச்சலுன்னு சொன்னியே புள்ள?"

"காச்சலுந்தானுங்க. வெறும் வயித்துல வந்த காச்சலு. பரணக் காட்டிக் காட்டி அழுதா. அது மாமன் ஊட்டு வெதை, தொடக் கூடாது சாமின்னு சொன்னேன்." சற்று நிறுத்தினாள். "அவ கேட்டப்பவே எடுக்கலீங்கண்ணா. இப்ப எடுத்துட்டுப் போயி யாருக்குப் பொங்கறது?"

வெறும் கைகளோடு அவள் திரும்பி நடந்தாள். தேன்பாறைக்காரர்கள் பின்னாலேயே போனார்கள். முறைப்படி ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. சுப்பையன் மட்டும் பார்த்துக்கொண்டே நின்றான், அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட வாய் வரவில்லை.

சாமைக் கூடையை அவன்தான் வீட்டுக்குத் தூக்கி வந்தான். பொன்னாயி ஒரு பிடி அள்ளிப் பார்த்தாள்.

"அட, மணி என்ன அழகுங்க! கிழங்குதான் நட்டாச்சே, வெதைக்கவா போறோம். ராத்திரிக்குப் பொங்கிரட்டுங்களா?"

சுப்பையன் கூடையைக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்து, பிள்ளை செத்த அன்றுகூட அழாத அழுகை அழுதான்.