அண்டாவில் ஒளிந்த அம்மாவாசை மாமா

1

இந்தக் கதை அன்பினால் பிறந்ததல்ல. முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. செத்துப்போன தாய்மாமனைப் பற்றி அக்கா மகள் எழுதுகிறாள் என்றதும் கைக்குட்டையைத் தேடுகிறவர்கள் தேட வேண்டாம். இது வியாழக்கிழமை காலை, அடுப்பில் பால் காய்ந்துகொண்டிருந்த நேரத்தில், ஒரு போனில், பயத்தினால் பிறந்தது.

எழுதுகிறவள் பெயர் செந்தமிழ்ச்செல்வி. (வீட்டில் செல்வி. இலக்கியக் கூட்டங்களில் மட்டும் முழு நீளம்.) தன்னையே ‘அவள்’ என்று எழுதிக்கொள்கிறாள். ‘நான்’ என்று போட்டால் கூசாமல் பொய் சொல்ல வராது என்பது அவளுடைய இருபது வருஷ அனுபவம்.

போனில் மாமா மகன் சிலம்பரசன்.

“செல்விக்கா, ஞாயித்துக்கெழம பத்து மணிக்கு அப்பா படத்திறப்பு. நினைவு மலர் போடறோம், பதினாறு பக்கம். நடுவுல உன் கதைதான்.”

“எந்தக் கதடா?”

“அதான்க்கா, அப்பாவப் பத்தி எழுதினியே, ‘வீரக் கரண்டி’. சாமிக்கண்ணு சார் மைக்ல படிக்கிறேன்னுட்டாரு. முழுசா.”

பால் பொங்கி அடுப்பை அணைத்தது. செல்விக்கு அது தெரியவே இல்லை.

விஷயம் இதுதான். அம்மாவாசை மாமா இந்திய ராணுவத்தில் பதினேழு வருஷம் சமையல்காரர். எழுபத்தொன்றாம் வருஷப் பாகிஸ்தான் போரில் எல்லையில் இருந்தவர். எழுபத்தாறு வயதில், பதின்மூன்று நாளுக்கு முன்னால், மூலக்குளத்து வீட்டில் காலமானார். ‘வீரக் கரண்டி’ அவரைப் புகழ்ந்து எழுதிய கதை இல்லை. அவரைத் தோலுரித்து உப்புத் தடவிய கதை. அது அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது என்று எட்டு வருஷமாக அவள் நிம்மதியாக இருந்தாள். இப்போது அதை மாமி... (இல்லை, எங்கள் பக்கம் அத்தை) அத்தை எதிரில், முன்னாள் ராணுவத்தினர் சங்கத்தார் அத்தனை பேர் எதிரில், ஓய்வுபெற்ற ஹவில்தார் சாமிக்கண்ணு ஒலிபெருக்கியில் படிக்கப்போகிறார்.

“வேணாம்டா, பழசு அது. புதுசா ஒண்ணு எழுதித் தரேன்.”

“சனிக்கெழம மூணு மணிக்குள்ள பிரஸ்ல குடுத்துடு. இல்லாட்டி அதுதான் போவும்.”

அந்தப் ‘புதுசா ஒண்ணு’தான் நீங்கள் படித்துக்கொண்டிருப்பது. இதன் லட்சணத்தை நீங்களே பாருங்கள்.

2

தொடக்கம் அ: கடற்கரைச் சாலையில் பிரெஞ்சுப் போர் நினைவுச் சின்னத்தின் வெண்தூண்கள் மீது மாலை வெயில் சரிந்து—

கோடு போட்டு அடித்தாயிற்று. புதுச்சேரி என்றால் மஞ்சள் சுவரும் காகிதப்பூவும் இருந்தே தீர வேண்டும் என்று பத்திரிகை ஆசிரியர்கள் கேட்பார்கள், மாமா கேட்டதில்லை. அவர் வீட்டுக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை. அந்தச் சின்னத்தோடு அவருக்கு ஒரே ஒரு தகராறுதான். இந்த ஊரில் பட்டாளத்தில் இருந்தேன் என்றால் முதல் கேள்வி, “பிரெஞ்சு மிலிட்டரியா, நம்ம மிலிட்டரியா?” பிரெஞ்சு மிலிட்டரி என்றால் சொல்தா, பிரெஞ்சு அரசாங்கத்துப் பென்ஷன்காரர். சொல்தாவுக்கு ஜூலை பதினாலு பிரெஞ்சு தேசிய விழா உண்டு, அணிவகுப்பு உண்டு, தெருவுக்கே ஒரு மரியாதை உண்டு. நம்ம மிலிட்டரி என்றால், “ஓ.” அவ்வளவுதான். மாமா வாழ்நாள் முழுக்க அந்த ‘ஓ’வோடு சண்டை போட்டார்.

தொடக்கம் ஆ: எங்கள் மாமா ஒரு மாவீரர்—

அடப்பாவமே. அடி.

தொடக்கம் இ: மஞ்சள்காமாலையோடு கதிர்காமத்து ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் அவள் கிடந்தபோது, மூன்று வேளையும் மூலக்குளத்திலிருந்து சைக்கிளில் கஞ்சி வந்தது. மாமா தூக்குவாளியைத் திறந்து முதல் கரண்டியைத் தன் வாயில் ஊற்றிக்கொள்வார். பட்டாளத்தில் சமையல்காரன் தின்று காட்டிய பிறகுதான் சிப்பாய்க்குப் பரிமாறல். அரை நிமிஷம் விறைத்து நின்று, “நான் சாவல. நீ சாப்புடு” என்பார். வார்டே சிரிக்கும். பக்கத்துக் கட்டில் கிழவி தன் டம்ளரையும் நீட்டுவாள். அதற்கும் ஒரு கரண்டி—

இது நன்றாகத்தான் வந்துகொண்டிருந்தது. அவளுக்கு மூக்கு அடைத்துக்கொண்டது. அதனால் இதையும் அடித்தாள். பிழைப்பே கிண்டல் என்று ஆனவளுக்கு இது ஆகாத வேலை.

3

‘வீரக் கரண்டி’யை ஏன் எழுதினாள்?

அவளுடைய முதல் புத்தக வெளியீடு. சென்னையிலிருந்து நாலு பெரிய மூளைகள் வந்து மேடையில் உட்கார்ந்திருந்தன. மாமா கோட்டில் பதக்கங்களைக் குத்திக்கொண்டு வந்தார். ‘உறவினர் சார்பில் இரண்டு நிமிடம்’ என்று மைக்கைக் கொடுத்தார்கள். இருபது நிமிடம் பேசினார். புத்தகத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எல்லை, பனி, பீரங்கி, தன் வீரம். பெரிய மூளைகள் ஒன்றையொன்று பார்த்துப் புன்னகைத்தன. அந்தப் புன்னகை அவளுக்கு வேண்டியிருந்தது. அதைப் பெறுவதற்கு மாமாவைக் கொடுத்தாள். ஒரே வாரத்தில் எழுதி முடித்தாள்.

கதையில் கந்தப்பன் என்று ஒரு ராணுவச் சமையல்காரன். முதல் குண்டு விழுந்ததும் ஓடுகிறான். அண்டாவுக்குள் ஒளிகிறான். போர் முடிந்ததும் சாம்பார் வாசத்தோடு எழுந்து, தளபதிக்குக் கரண்டியால் சல்யூட் அடிக்கிறான். எல்லாம் கற்பனை. கோட்டும் பதக்கமும் மட்டும் நிஜம்; அதைப் பார்த்தால் மூலக்குளத்தில் ஆட்டுக்குட்டிக்குக்கூட ஆள் யாரென்று தெரியும்.

சிற்றிதழில் வெளியானது. கதையைப் படிக்காத ஓவியர் முதல் பக்கத்தில் துப்பாக்கி ஏந்திய சிப்பாயை வரைந்துவிட்டார். மாமா பத்துப் பிரதி வாங்கினார். முதல் பக்கத்தைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டினார். வருகிறவர் எல்லாரும் அந்த ஒரு பக்கத்தையே பார்த்து, “அடேங்கப்பா, செல்வி ஒங்களப் பத்தி எழுதியிருக்கா” என்றார்கள்.

அவள் என்ன செய்தாள் தெரியுமா? ‘எங்க மாமாவுக்கு நையாண்டி புரியலை, ஃபிரேம் போட்டு மாட்டியிருக்கார்’ என்று இலக்கிய நண்பர்களிடம் சொல்லிச் சிரித்தாள். ஒருமுறை அல்ல. கேட்கிறவர் மாறும்போதெல்லாம்.

(இந்தப் பத்தியை எடுத்துவிடலாமா என்று அரை மணி நேரம் யோசித்தேன். இல்லை, யோசித்தாள்.)

4

சனிக்கிழமை காலை வரை ஒரு பக்கம்கூட உருப்படியாக வரவில்லை. பழைய கதையையாவது கெஞ்சி நிறுத்தலாம் என்று மூலக்குளம் போனாள்.

தெருமுனையில் பேனர். மாமாவின் தலையை ஒரு ஜெனரலின் உடம்பில் ஒட்டியிருந்தார்கள். மார்பில் இடம் போதாத அளவுக்குப் பதக்கங்கள். பின்னால் ஒரு டாங்கி, இரண்டு விமானம், எதற்கென்றே தெரியாமல் ஒரு புலி. சாமிக்கண்ணு கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

“நான் ஹவில்தாரும்மா. இனிமே இவருக்கு நான் சல்யூட் அடிக்கணுமா?” என்றார். பிறகு அடிக்கவும் அடித்தார்.

அஞ்சலாட்சி அத்தை கூடத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். செல்வி எதிரில் உட்கார்ந்தாள்.

“அத்த, மாமா அந்தக் கதைய முழுசா படிச்சாரா?”

“படிக்காம? பென்சில சீவி வெச்சிக்கினு மூணு நாளு படிச்சாரு. ஓரத்துல எழுதிக்கினே இருந்தாரு. மொதல்ல சிரிச்சாரு. ஒரு பக்கம் வந்ததும் எழுந்து போயி மோட்டாரப் போட்டாரு. தொட்டி ரொம்பி வழியுது, தெருவுல ஓடுது, மனுசன் நிறுத்தல. அங்கியே நிக்கறாரு.”

“அப்புறம்?”

“அப்புறம் என்னா, நான்தான் போயி நிறுத்தினேன்.”

செல்வி ஒரு கொத்துக் கீரையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். “அத்த, அது மாமாவ கிண்டல் பண்ணி எழுதினது. கேவலமா எழுதினது. நாளைக்குப் படிக்க வேணாம்னு தம்பிகிட்ட சொல்லு அத்த.”

அத்தையின் கை நிற்கவில்லை. “எனக்குப் படிக்கத்தான் தெரியாது. மூஞ்சி பாக்கத் தெரியாதா? எட்டு வருசமா இந்த வூட்டுக்கு வர. ஒரு நாளாச்சும் அந்தச் செவுத்துப் பக்கம் திரும்பியிருக்கியாடி?”

செல்வி இப்போதும் திரும்பவில்லை; கீரைக் காம்பைக் கிள்ளினாள்.

“எங்கிட்ட எதுக்கு வந்து சொல்ற? காதோட காதா சொல்லிட்டு பாரத்த எறக்கிக்கினு போலாம்னு பாக்கறியா? அவரு மிலிட்டரி சங்கத்து சபையில நின்னு உன்னப் பத்திப் பெருமையா பேசின மனுசன். சொல்றதா இருந்தா நீயும் சபையில சொல்லு.”

அந்தக் குறிப்பு எழுதிய புத்தகம் எங்கே என்று கேட்டாள். உழவர்கரை பிரஸ்ஸில் இருக்கிறதாம். மலருக்கு அதைப் பார்த்துத்தான் டைப் அடித்தார்களாம். ஓரத்தில் இருந்த கிறுக்கலை விட்டுவிடச் சொல்லிவிட்டானாம் சிலம்பரசன்.

5

பிரஸ்ஸில் கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்த சுடர்விழி அந்த இதழை எடுத்துக் கொடுத்தாள். மாமாவின் எழுத்து. பட்டாள ரிஜிஸ்டரில் எழுதுகிற மாதிரி, பக்கவாரியாக, பக்கத்துக்குப் பக்கம் கீழே தன் ராணுவ எண்ணோடு.

பக்கம் 41. அண்டாவுக்குள் ஆள் நுழைய முடியாது. அடியில் அடுப்பு எரியும். எழுதியவருக்குச் சமையல் தெரியாது.

பக்கம் 42. சாம்பார் கிடையாது. ரொட்டி, பருப்பு. டிசம்பர் மாதம்.

அவள் சிரித்தேவிட்டாள். கவுண்டரில் நின்றபடியே, வாய்விட்டு. அடுத்த பக்கத்தைத் திருப்பினாள். ‘முதல் குண்டுச் சத்தத்தில் கந்தப்பன் ஓடினான்’ என்ற வரியின் கீழே கோடு போட்டிருந்தது.

பக்கம் 43. ஓடினேன். உண்மை. இது செல்விக்கு எப்படித் தெரியும்?

ஐயோ மாமா. எனக்கு எதுவும் தெரியாது மாமா. தமாஷுக்காக எழுதியது அது.

பக்கம் 44. திரும்பி வந்தேன். அதை எழுதவில்லை.

கரண்டியால் சல்யூட் அடிக்கிற கடைசிப் பக்கத்தில், கதை முடிந்த இடத்துக்குக் கீழே:

பக்கம் 45. முடிவு இப்படி இல்லை. செல்வி வந்து கேட்டால் சொல்லலாம்.

எட்டு வருஷத்துக்கு முந்தைய தேதி. அதற்குப் பிறகு எட்டுப் பொங்கல் வந்தது. எட்டுப் பொங்கலுக்கும் அவர் கறிக்குழம்பு ருசி பார்த்துப் பரிமாறினார். அவள் சாப்பிட்டாள், கை கழுவினாள், பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று கிளம்பினாள். ஒவ்வொரு தடவையும் வாசல் வரைக்கும் வந்து, “வேற ஒண்ணும் இல்லியே?” என்று கேட்பார். “ஒண்ணும் இல்ல மாமா” என்பாள்.

பிரஸ்ஸில், மலருக்குக் காத்திருந்த இரண்டு ஆட்கள் பார்க்க, செல்வி அழுதாள்.

6

மணி இரண்டரை. அவள் தொழில்காரி அல்லவா, கண்ணைத் துடைத்த கையோடு முடிவுகளைத் தேடினாள்.

முடிவு அ: மாமா திரும்பி வந்து, காயம்பட்டவர்களுக்கு ஒவ்வொரு வாயாகப் பருப்பு ஊட்டினார். — இனிக்கிறது. அடி.

முடிவு ஆ: மாமா திரும்பி வந்தார். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. சாப்பிட ஆள் இல்லை. — பெரிய மூளைகளுக்குப் பிடிக்கும். அதனாலேயே அடி.

முடிவு இ: ஓடியதற்காக அதிகாரி அவரை—

எதை எழுதினாலும் அது மறுபடியும் ஆளைக் கேட்காமல் எழுதியதுதான். இனிக் கேட்பதற்கும் வழியில்லை.

பையிலிருந்த இந்தக் காகிதங்களை அவள் வெளியே எடுக்கவில்லை. “பழைய கதையே போகட்டும்மா. ஒரு எழுத்து மாத்த வேணாம். ஆனா ஓரத்துல இருக்கறத எல்லாம் அந்தந்தப் பக்கத்துக்குக் கீழ, அதே அளவு எழுத்துல போடு” என்றாள். தலைப்புக்கு மேலே ஒரு வரி எழுதிக் கொடுத்தாள்: ‘இந்தக் கதை என் மாமாவைக் கேலி செய்து நான் எழுதியது. திருத்தங்கள் அவருடையவை. இந்த வரியையும் சேர்த்து மைக்கில் படிக்கவும்.’

ஞாயிற்றுக்கிழமை சபையில் என்ன நடந்தது என்று கேட்பீர்கள். அத்தையை உங்களுக்குத் தெரியும், சாமிக்கண்ணுவைத் தெரியும், மைக் கிடைத்தால் விடமாட்டார் என்பதும் தெரியும். யாராவது எழுந்து போனார்களா, யாராவது அவளை அடித்தார்களா, இல்லை “ஓ” என்றார்களா, நீங்களே நடத்திக்கொள்ளுங்கள். அவளுடைய கதை பிரஸ்ஸிலேயே நின்றுவிட்டது.

சுடர்விழி கடைசிப் பக்கத்தைத் திரையில் காட்டினாள். மேலே சல்யூட். அதன் கீழே மாமாவின் இரண்டு வாக்கியம். அதற்குக் கீழே ஒன்றும் இல்லை.

“பாதிப் பக்கம் காலியா இருக்கு மேடம். ஒரு ரோஜாப்பூ போடட்டா? பறக்கற புறாகூட இருக்கு.”

“வேணாம். அப்படியே விடு.”

“பாக்கறவங்க மிஸ்டேக்குன்னு நெனச்சிக்குவாங்க மேடம்.”

“மிஸ்டேக்குதாம்மா” என்றாள் செல்வி. “என்னோடது. பிரிண்ட் போடு.”