கழித்த சீட்டு

என் வீட்டுக்காரர் ஜேசுராஜுக்குப் பக்கவாதம் வந்து ஏழு மாதம். கை கால் தேறிவிட்டது. மூளை தேறியதா என்பதுதான் எனக்குத் தெரியவில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் இருபத்திரண்டு வருடம் இன்ஸ்பெக்‌ஷனில் இருந்தவர். மற்றவர்கள் கழித்துப் போட்ட பீஸைக்கூட மறுபடி ஒருமுறை அளந்து பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார்.

அந்த ஞாயிறு பகல் பன்னிரண்டுக்கு முதலாளி சுப்பராயன் போன் செய்வதாகச் சொல்லியிருந்தார். இவர் வேலைக்குத் திரும்புவாரா என்று நான் சொல்ல வேண்டும். மாட்டார் என்று சொல்வதாக முடிவு கட்டியிருந்தேன். இவரிடம் கேட்கவில்லை. கேட்டால் போகிறேன் என்பார், வேறென்ன சொல்வார்.

மூளைக்கு வேலை கொடுங்கள் என்று டாக்டர் சொன்னதிலிருந்து வீட்டில் சீட்டுதான். ரம்மியை இவர் தூக்கத்திலும் ஆடுவார், அதில் மூளைக்கு என்ன வேலை? கப்பலில் வேலை பார்க்கும் என் தம்பி லிபின் லீவில் வந்தபோது கலப்புப் போக்கர் சொல்லிக்கொடுத்தான். ஐந்து விதமான ஆட்டம். எட்டு தடவை சீட்டுப் போட்டதும் அடுத்த ஆட்டத்துக்கு மாற வேண்டும், சட்டமும் மாறிவிடும். ஒன்றில் பெரிய சீட்டு ஜெயிக்கும். ராஸ் என்று ஒன்று, அதில் சின்னச் சீட்டுக்குத்தான் மரியாதை, ராஜா ராணியெல்லாம் குப்பை. கட்டையில போறவன், எனக்கே தலை சுற்ற வைத்துவிட்டான். ஆட்டங்களின் பெயரை வரிசையாகக் காலண்டர் தாளின் பின்னால் எழுதிவைத்தோம். காசு கிடையாது, புளியங்கொட்டைதான்.

முதல் வாரம் இவர் ராஸில் மூன்று ராஜாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தோற்றதும் அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. அன்றிலிருந்து விட்டுக்கொடுக்க ஆரம்பித்தேன். நல்ல சீட்டு வந்தாலும், ரம்மியில் ஆட்டத்தை விடும்போது சொல்வதுபோல ‘ஸ்கூட்’ என்று கவிழ்த்துவிடுவேன். கொட்டையெல்லாம் அவர் பக்கம் குவியும். ஜெயிக்கிறவர் தேறித்தான் ஜெயிக்கிறாரா, நான் தோற்பதால் ஜெயிக்கிறாரா என்பது எனக்கே தெரியாமல் போனது.

அந்த ஞாயிறு பூசை முடிந்து வந்து உட்கார்ந்தோம். ராஸில் கடைசித் தடவை. ஆளுக்கு ஏழு சீட்டு, அதில் சின்னதாக ஐந்துதான் கணக்கு. எனக்கு வெளியே தெரிந்தவை ராஜா, ராணி, இரண்டு, நாலு. கவிழ்த்து வைத்திருந்தவை ஏஸ், மூன்று, ஆறு. இதைத் தாண்டி ஜெயிப்பது கஷ்டம். இவர் பத்துக் கொட்டையைத் தள்ளினார்.

“ஸ்கூட்” என்றேன்.

போக்கரில் கழித்த சீட்டைத் தொடக்கூடாது. இவர் கை பழக்கதோஷத்தில் நீண்டு, என் மூன்று சீட்டையும் திருப்பிப்போட்டது.

“இன்னா மேரி இது? இது ராஸ். ஏஸு, ரெண்டு, மூணு, நாலு, ஆறு. என் அஞ்சுல பெருசு ஒம்பது கீது. நீதான் ஜெயிச்சிகீற.”

“கவனிக்கலைங்க.”

“நீயா கவனிக்கல? எத்தினி நாளா உட்டுக்குடுக்குற?”

நான் சீட்டுகளைப் பொறுக்கி அடுக்கினேன்.

“எம் பொண்டாட்டி ஊர்ல ஒருத்தன்கிட்டயும் என்னை உட்டுக்குடுக்க மாட்டாள்னு சொல்லிக்கினு திரியிறேன். இப்ப என்கிட்டயே உட்டுக்குடுக்குறியே.”

குரலை உயர்த்திக்கூடப் பேசவில்லை. எனக்கு வெட்கமாகப் போயிற்று, அதே நேரம் வயிற்றில் பால் வார்த்தது போலவும் இருந்தது. ஏழு மாதமாக நான் தேடிய மனுஷன் எதிரே உட்கார்ந்து என்னைத் திட்டிக்கொண்டிருந்தார்.

போன் அடித்தது. சுப்பராயன்.

“இதோ சார், அவர்கிட்டயே குடுக்குறேன்.”

இவர் போனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு வாங்கினார். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

“வரேன் சார். ஆனா ஒரு மாசத்துக்கு நான் அளந்தத இன்னொருத்தர் மறுபடி அளந்து பாக்கட்டும். தப்பிருந்தா மூஞ்சிக்கு நேரா சொல்லணும்.”

போனை வைத்துவிட்டுச் சீட்டைப் போட்டார். அடுத்த ஆட்டத்தில் பெரிய சீட்டுக்கு மரியாதை. எனக்கு மூன்று ஒன்பது விழுந்தது, இதில் அது நல்ல கை. கடைசிவரை விடவில்லை. அவர் பக்கம் குவிந்திருந்த புளியங்கொட்டையில் பாதியை வழித்து என் பக்கம் இழுத்துக்கொண்டேன். தோற்ற முகம் அப்படியே சுருங்கியது. இந்தத் தடவை நான் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

“கலைச்சுப் போடுங்க” என்றேன்.