நாற்பது சதவீத மழை

மனைவியின் கூந்தலில் விழுந்திருந்த சிக்கை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் சீப்பை இழுத்துக்கொண்டிருந்தார் அவர். வலிக்குமே என்று பிடி தானாகவே தளர்ந்தது. விடியற்காலையில் போன உயிர். இனி வலிக்காது என்பது கைக்கு இன்னும் தெரியவில்லை.

"மாமா, சேர் வந்தாச்சு," என்று மச்சினன் எட்டிப் பார்த்தான். "வாசல்லயே வரிசையாப் போட்டுடவா? அக்கா யுனிவர்சிட்டியிலேர்ந்து ஒரு பஸ்ஸே வருதாம்."

"போடேன்."

அப்போது அவளுடைய போன் அடித்தது. துக்கம் கேட்பவர்களாக இருக்கும் என்று எடுத்தார்.

"டீச்சரம்மா, காலையிலேர்ந்து போனையே பார்த்துக்கிட்டிருக்கேன். மறந்தே போயிட்டீங்களா?" வயதான குரல், உரிமையோடு கோபித்துக்கொண்டது.

"நான் அவங்க வீட்டுக்காரர் பேசுறேன்."

"வணக்கம் சார். அறுத்த சோளம் பூரா களத்துல காயுது. அள்ளி உள்ள போடவா, விட்டுடவா? அம்மாகிட்ட கேட்டு மட்டும் சொல்லுங்க."

அவள் பொருளாதாரப் பேராசிரியை. விவசாயிகள் எதைக் கேட்டு, எதற்குப் பயந்து, யாரை நம்பி ஒரு முடிவுக்கு வருகிறார்கள் என்பதுதான் அவள் ஆராய்ச்சி. வானிலைச் செய்தியை ஒரு சாராருக்கு அனுப்பி, இன்னொரு சாராருக்கு அனுப்பாமல், இருவரும் என்ன செய்கிறார்கள் என்று பார்த்தாள். கட்டுரை வெளியான பிறகு, செய்தி கிடைக்காமல் போனவர்களுக்குக் காலையில் தானே போன் செய்ய ஆரம்பித்தாள். "அவங்க என்ன பாவம் பண்ணாங்க?" என்பாள். அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். தன் காபி ஆறிப்போகிறதே என்பதுதான் அவர் கவலை.

அவள் போய்விட்டதைச் சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தார். சொன்னால் இந்த மனிதர் போட்டது போட்டபடி பஸ் ஏறிவிடுவார். சோளம் களத்திலேயே கிடக்கும்.

"இன்னிக்கு மழை உண்டான்னு பாரு," என்றார் மச்சினனிடம். அவன் தன் போனைத் தடவிப் பார்த்து, "நாப்பது பர்சென்ட்," என்றான்.

"நாப்பது சதவீதமாம்," என்று விவசாயியிடம் சொன்னார்.

"அப்படின்னா, நூறு வீட்டுல நாப்பது வீட்டுக்குப் பெய்யுமா சார்?" என்று கேட்டுவிட்டுத் தானே சிரித்தார் விவசாயி. "அது என் போன்லயும்தான் வருது. படிச்சா பயமும் போகல, தைரியமும் வரல. அம்மா நம்பரெல்லாம் சொல்ல மாட்டாங்க. 'இன்னிக்கு நான் துணியை வெளியில காயப்போடல'ம்பாங்க. இல்லேன்னா 'போட்டுட்டேன்'ம்பாங்க. எங்களுக்கு அது போதும்."

அவர் சீப்பைக் கீழே வைத்தார்.

அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை அவருக்கு. எத்தனையோ நாள் ஈரக் காலரோடு போயிருக்கிறார். "குளிச்சிட்டுத் துவட்டாம வந்துட்டீங்களா சார்?" என்று கூட வேலை பார்ப்பவர்கள் கேலி செய்வார்கள். அந்த எரிச்சலை வீட்டில் வந்து கொட்டுவார். "வெயில் மண்டையைப் பிளக்குது, நீ ஃபேனுக்கு அடியில காயப்போடுறே. இவ்வளவு படிச்சவ!"

"சொல்லிட்டேனே," என்பாள் அவள். யாரிடம், என்ன சொன்னாள் என்று அவர் கேட்டதே இல்லை.

"அவ சொல்லித் தப்பாப் போனதில்லையா?" என்று இப்போது கேட்டார்.

"நிறைய உண்டு சார். வீணா அள்ள வச்சிட்டீங்களேன்னு சண்டைக்குப் போவேன். 'எங்க வீட்டுக்காரர் சட்டையும்தான் ஈரமாப் போச்சு'ன்னு சிரிப்பாங்க. அதுக்கு மேல எங்க சண்டை போடறது? சரி, அம்மா கைவேலையா இருந்தா நீங்களே சொல்லுங்க. நீங்க என்ன பண்ணுவீங்க?"

அவர் கண்ணை மூடிக்கொண்டார். கடவுளே, தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்ல வைத்துவிடாதே.

"நான் வாசல்ல சேர் போடல," என்றார். "உள்ளதான் போடுறேன். நீங்களும் அள்ளிடுங்க. அள்ளி முடிச்சிட்டுக் கூப்பிடுங்க. ஒரு விஷயம் சொல்லணும்."

"சேரா? சரி சார். சேர்னா சேர்."

போனை வைத்ததும் மச்சினன் பதறினான். "என்ன மாமா இது, வானம் துடைச்சு வச்ச மாதிரி இருக்கு. அத்தனையையும் உள்ள போட்டா மூச்சு விட முடியுமா?"

"சொல்லிட்டேன்ப்பா," என்றார் அவர்.

அவன் அவர் முகத்தைப் பார்த்தான். பிறகு நாற்காலிகளை இரண்டிரண்டாக உள்ளே தூக்கி வந்தான்.

கூடம் நிரம்பி வழிந்தது. துணைவேந்தரின் முழங்கால் தெருமுனை இஸ்திரிக்காரரின் முழங்காலில் இடித்தது. வாசலில் உட்கார்ந்திருந்தால் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு இருந்திருப்பார்கள். இங்கே அவள் முகத்துக்கு நேரே உட்கார்ந்திருந்ததால், மெல்ல மெல்ல அவளைப் பற்றியே பேசினார்கள். எல்லோருக்கும் வியர்த்துக் கொட்டியது. "எந்தப் புண்ணியவான் இப்படி அடைச்சு வச்சான்?" என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

மழை வரவில்லை.

போன் மறுபடி அடித்தது.

"எல்லாத்தையும் அள்ளி உள்ள போட்டாச்சு சார். முதுகு ஒடிஞ்சதுதான் மிச்சம். ஒரு பொட்டு மழை இல்ல!"

"இங்கயும் இல்ல. சேரெல்லாம் உள்ளதான் இருக்கு. எல்லாரும் என்னைத்தான் திட்டறாங்க."

விவசாயி வாய்விட்டுச் சிரித்தார். "அப்படியே அம்மா மாதிரி பேசுறீங்க சார்." சிரிப்பு அடங்கியது. "ஆமா, அவ்வளவு சேர் எதுக்கு? வீட்டுல ஏதும் விசேஷமா?"

அவர் உட்கார்ந்திருந்தவர்களின் முழங்கால்களை விலக்கி வழி செய்துகொண்டு வெளியே வந்தார். ஒரு நாற்காலிகூட இல்லாத வாசலில் வெயில் முழுசாக இறங்கியிருந்தது. போனைக் காதோடு அழுத்திப் பிடித்தபடி, அதன் நடுவே போய் நின்றார்.