கொட்டாவி வராத காட்சி

ஒரு கொட்டாவிகூட வரவில்லையே, இந்தப் பிள்ளையிடம் என்னவென்று சொல்வது என்று சித்தி நினைத்துக்கொண்டிருந்தாள்.

படம் முடிந்து விளக்கு எரிந்ததும் அக்காள் மகன் வந்து பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்தான். இந்தப் படத்துக்கு அவன்தான் தயாரிப்பாளர். அவன் அப்பா, இயக்குநரான அத்தான், வழக்கம்போல வெளியே பிரசவ அறை வாசலில் நிற்கும் புருஷனைப் போல உலாத்திக்கொண்டிருந்தார்.

அத்தானின் படங்களில் ஒன்றுக்கு இன்னொன்று ஒட்டே இருக்காது. ஒரு படத்தில் கொலைகாரன் கத்தியோடு மாடிப்படி ஏறுவான். அடுத்ததில் அண்ணனும் தம்பியும் வீட்டைப் பிரிக்க மனசில்லாமல் அழுவார்கள். அப்புறம் நீதிமன்றம், அதற்கப்புறம் ஆள்கடத்தல். ஆனால் எல்லாவற்றுக்கும் சோதனை ஒன்றுதான்: முதலில் மச்சினிச்சிக்குப் போட்டுக் காட்டிவிட்டு, "எங்க கொட்டாவி விட்ட?" என்று கேட்பார்.

"ஊர்ல தூங்குமூஞ்சியைத் திட்டுவாங்க, இந்த மனுஷன் கூப்பிட்டு உக்கார வைக்கிறாரு" என்று அக்காள் கிண்டல் செய்வாள்.

புகுந்த வீட்டை விட்டுச் சித்தி அக்காள் வீட்டுக்கு வந்த புதிதில் தொடங்கியது அது. எல்லாரும் அன்பாகத்தான் இருந்தார்கள். கேட்டால் அழுதுவிடுவாளோ என்று பயந்து யாரும் எதையும் கேட்கவில்லை. ஒருநாள் திரையில் கொலைகாரன் படியேறும்போது அவள் வாயைப் பொத்திக்கொண்டு கொட்டாவி விட்டதை அத்தான் பார்த்துவிட்டார். திட்டப்போகிறார் என்றுதான் அவள் நினைத்தாள். அவரோ எந்தப் படியில் என்று அக்கறையாகக் கேட்டார். பாதிப் படிக்கட்டை வெட்டினார். படம் பிய்த்துக்கொண்டு ஓடியது. தன் சலிப்புக்குக்கூட மதிப்பு உண்டென்று காட்டிய அந்தக் கேள்விதான் தன்னை மறுபடி மனுஷியாக்கியது என்று அவள் நினைப்பாள். அக்காள் போட்ட சோற்றுக்கு இருந்ததைவிட அந்தக் கேள்விக்கு அவளிடம் நன்றி அதிகம்.

இன்று பார்த்ததும் திகில் படம்தான். நடுவில், காணாமல் போனவனின் மனைவி பிறந்த வீட்டுக்கு வந்து கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருக்கிறாள். கொண்டுவந்த பெட்டியைத் திறக்கவில்லை. சுவரில் வெயில் மட்டும் நகர்கிறது. திறந்தால் வந்தது வந்ததுதான், இனித் திரும்பிப் போக முடியாது என்றாகிவிடும் என்று தனக்கும் அன்று இருந்த அந்தப் பயத்தைச் சித்தி யாரிடமும் சொன்னதில்லை. அத்தான் அதை எப்போது பார்த்தார்? பார்த்தும் இத்தனை வருஷம் கேட்காமல் இருந்திருக்கிறார்.

அந்தக் காட்சி இருந்தால் படத்தை வாங்க மாட்டோம் என்று விநியோகஸ்தர்கள் முரண்டு பிடிப்பதாக அக்காள் மகன் சொன்னான். அப்பா யார் பேச்சையும் கேட்கவில்லையாம்.

"உங்க கொட்டாவிக்கு மட்டும்தான் சித்தி அவர் மசிவாரு. அந்த இடத்துல கண்ணைச் சொக்கிடுச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. படம் முடங்கிட்டா அப்பா தாங்க மாட்டாரு."

அவன் கெட்டவன் இல்லை. இடுப்பில் வைத்து வளர்த்த பிள்ளை. கவலையில் முகம் பாதியாகியிருந்தது. அவள் அவனுடைய சட்டைக் காலரை நிமிர்த்தி விட்டாள்.

"வேற என்ன வேணா கேளு கண்ணு, செய்யறேன். இது மட்டும் வேணாம்."

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் மெல்லத் தலையை அசைத்துவிட்டு, அத்தானை உள்ளே கூப்பிட எழுந்தாள்.